வெள்ளை நிழல்

என் சித்தியை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எக்ஸ்ரே அக்கா என்றால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும். இருபத்தாறு வருடமாக ஜன்னல் இல்லாத ஓர் அறையில் நின்றுகொண்டு, வருகிறவர்களின் தோளைப் பிடித்து நேராக்கி, மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி, பிறகு விடச் சொல்லி வருகிறவள். ஊரில் பாதிப் பேரின் விலா எலும்பு அவளுக்குத் தெரியும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். சந்தையில் யாராவது வணக்கம் வைத்தால், முகம் ஞாபகம் வராமல் திருதிருவென்று முழிப்பாள். முட்டி வலி என்று ஆரம்பித்தால் உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

அவள் வேலையில் ஒரு கறாரான சட்டம் உண்டு. படம் எடுக்கலாம், அதில் என்ன தெரிகிறது என்று வாயைத் திறக்கக் கூடாது. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் விடுவார்களா? வாயைப் பிடுங்கிப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்த்து எதையாவது ஊகிக்கப் பார்ப்பார்கள். சித்தி பிடிகொடுக்க மாட்டாள். "டாக்டர் சொல்வாங்க" என்பாள், அவ்வளவுதான்.

போன வருடம் அம்மாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. சித்திதான் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் படம் எடுத்தாள். என்ன தெரியுது என்று அம்மா கேட்டாள். டாக்டர் சொல்வாங்க என்றாள் சித்தி, சொந்த அக்காவிடம். பெரிய டாக்டர் வெளியூர் போயிருந்ததால் மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று சாயங்காலமே சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து, பாப்பா நினைப்பாகவே இருக்கிறது, நாலு நாள் என்னோடு இருக்கட்டும் என்று சொல்லி, அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த என் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அம்மாவுக்குப் பெருமைதான். என் தங்கைக்குப் பாசத்தைப் பார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் டாக்டர் காசநோய் என்றார். பயப்பட வேண்டாம், ஆறு மாதம் மாத்திரை, குணமாகிவிடும் என்றார். குணமும் ஆகிவிட்டது. என் மகளைப் பரிசோதித்தார்கள், அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் குழந்தையை ஏன் தூக்கிப்போனாள் என்பது அம்மாவுக்கு அன்றைக்கே உறைத்துவிட்டது. "பிள்ளையத் தூக்கிட்டுப் போகத் தெரிஞ்சுது, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியல" என்றாள். அதோடு தங்கையிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சித்தி இரண்டு தடவை வாசல் வரை வந்து பார்த்தாள். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

யார் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் மகளைக் காப்பாற்றியவள் சித்தி. மூன்று நாள் ஒன்றுமே தெரியாதவள் போல எங்களோடு சிரித்துப் பேசியவளும் அவள்தான். எனக்கும் கோபம் இருந்தது, மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள் சித்தி. அந்த நாள் இப்போது காலியாகிவிட்டது. நூலக மாடியில் எட்டு ஞாயிறு புகைப்பட வகுப்பு என்று ஒரு நோட்டீஸைப் பார்த்துச் சேர்ந்துவிட்டாள். ஐம்பத்தொரு வயதில் எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். "இத்தனை வருஷம் படம் எடுத்திருக்கேன், ஒருத்தர்கூட நல்லாருக்குன்னு சொன்னதில்ல" என்றாள்.

முதல் வாரப் பயிற்சி ஒரு முட்டை. வெள்ளைத் தாளின் மேல் முட்டையை வைத்து, அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு மேஜை விளக்கைக் கடிகார முள் போல முட்டையைச் சுற்றி நகர்த்தி, ஒவ்வொரு மணியின் இடத்திலிருந்தும் ஒன்றாகப் பன்னிரண்டு படம் எடுக்க வேண்டும். சித்தி மூன்று முட்டையை மாற்றி மாற்றி முப்பத்தாறு எடுத்துக்கொண்டு போனாள். எல்லாவற்றிலும் முட்டை நட்டநடுவில். எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரு குட்டி ஈய எழுத்து. எக்ஸ்ரேயில் வலது எது, இடது எது என்று குழம்பாமலிருக்க வைக்கும் எழுத்து அது. முட்டைக்கு ஏது வலது இடது என்று டீச்சர் கேட்டிருக்கிறார். எழுத்து இல்லாத படத்தைக் கொடுக்கக் கை வரவில்லை என்றாளாம் இவள்.

டீச்சர் விளம்பரங்களுக்குச் செருப்பு, கடிகாரமெல்லாம் படம் எடுக்கும் இளம்பெண். நல்ல பொறுமைசாலி. சித்தியின் படம் ஒன்றைச் சுவரில் பெரிதாகக் காட்டி, இதில் நிழல் எங்கே விழுந்திருக்கிறது, வந்து தொட்டுக் காட்டுங்கள் என்றார். சித்தி எழுந்து போய், விளக்கு நேராக அடித்துப் பளபளத்துக்கொண்டிருந்த இடத்தில் விரலை வைத்தாள். வகுப்பே சிரித்துவிட்டது.

தப்பு என்ன என்று அவளுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. எக்ஸ்ரேயில் காற்று கறுப்பு. நல்ல நுரையீரல் கறுப்பாகத்தான் இருக்கும். கதிரை எது தடுக்கிறதோ அது வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைத் திட்டைத்தான் டாக்டர்கள் நிழல் என்பார்கள். "எங்க ரூம்ல நிழல் வெள்ளையா இருக்கும், மேடம்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாளாம். டீச்சர் அதன் பிறகு பத்து நிமிடம் இவளையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்தவர்களும் நாற்காலியை இவள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து சித்திக்கு நிழல் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு டம்ளரை இருபது இடத்திலிருந்து எடுத்தாள், நடுவில் வைக்காமல். ஓரத்துக்குத் தள்ளும்போதெல்லாம் ஏதோ தப்பு செய்கிற மாதிரி இருக்கிறது என்றாள். சமையலறைக் கரண்டி, கதவுத் தாழ்ப்பாள், குடைக்கம்பி எதையும் விட்டுவைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்தரை மணி வெயில் எந்த பெஞ்ச் வரை வருகிறது என்று எனக்குப் போன் செய்து சொல்வாள். நான் கூரியர் ஆபீஸ் கவுண்டரில் பார்சலை எடைபோட்டுக்கொண்டே உம் கொட்டுவேன். வரிசையில் நிற்பவர்கள் என்னை முறைப்பார்கள்.

வகுப்பில் முகம் எடுக்கச் சொன்ன வாரத்துக்கு நான்தான் மாட்டினேன். அவள் வீட்டு ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளை பெட்ஷீட்டைக் கொடியில் தொங்கவிட்டாள். பெட்ஷீட்டைக் கிட்டே இழுத்தால் கன்னத்து இருட்டு இளகுகிறது, தள்ளினால் கெட்டியாகிறது. அதைக் கண்ணாடியில் காட்டினாள். என் மூக்கு இவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. ஆனால் படத்தில் எல்லாம் நான் நெஞ்சை விரித்துக்கொண்டு விறைப்பாக இருந்தேன். காரணம் நாலாவது படத்தில்தான் பிடிபட்டது. பட்டனை அழுத்தும் முன் அவளையறியாமல் மூச்சைப் பிடிக்கச் சொல்கிறாள், நானும் பிடிக்கிறேன். இரண்டு பேரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று. அவள் மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்குப் போய்விட்டது.

எட்டாவது வாரத்துக்கு, மிகவும் தெரிந்த ஒரு முகத்தை ஒரு பக்க வெளிச்சத்தில் எடுத்து வரச் சொன்னார் டீச்சர். வேறு யாரையும் எடுக்க மாட்டேன் என்றாள் சித்தி. அக்காவைத்தான் எடுப்பேன், அதற்குள் அவள் பேசாவிட்டால் வெறுங்கையோடு வகுப்புக்குப் போகிறேன் என்றாள். வழக்கம் போலத் தூது போகும் வேலை என் தலையில் விழுந்தது. அம்மாவிடம் சொன்னேன். "அவ எடுத்த படம் ஒண்ணு போதும்" என்றாள் அம்மா, துணி மடிப்பதை நிறுத்தாமலே.

நானும் விடவில்லை. சித்தியிடம் வாங்கி வந்த முட்டைப் படங்களை மேஜை மேல் பரப்பி வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அம்மாவுக்கு எதிலாவது மூக்கை நுழைக்காவிட்டால் பொழுது போகாது. கொஞ்ச நேரத்தில், ஒரே முட்டையை எதற்கு இத்தனை தடவை எடுத்தாள் என்று கேட்டாள். விளக்கு நகர்ந்த கதையைச் சொன்னேன். படங்களை வரிசைப்படுத்தப் பார்த்து, எட்டு மணியையும் ஒன்பது மணியையும் மாற்றி வைத்து, தானே திருத்திக்கொண்டாள். சித்தி வெளிச்சத்தைத் தொட்டு நிழல் என்று சொன்ன கதையையும் சொன்னேன். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அப்போ எனக்கு இருந்தது வெள்ளையாவா இருந்துது?" என்றாள்.

தன் படத்தை அவள் பார்த்ததே இல்லை. டாக்டர் கொடுத்த உறையோடு பீரோ மேல் போட்டது போட்டபடி கிடந்தது. நாற்காலி போட்டு ஏறி எடுத்தாள். தூசியைத் தட்டி, ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். விலா எலும்பும் வெள்ளை, தோள் எலும்பும் வெள்ளை, இதில் எது என்று என்னைக் கேட்டாள். எனக்கு எங்கே தெரியும்? சாய்த்துப் பார்த்தாள், தலைகீழாகக்கூடப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்க்காமலே, "அவள வரச் சொல்லு. எதுன்னு காட்டிட்டுப் போகட்டும்" என்றாள்.

சித்தி கேமராப் பையோடு அரை மணியில் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். அம்மா வா என்று சொல்லவில்லை, படத்தை நீட்டினாள். சித்தி உள்ளே வந்து அதை வாங்கி ஜன்னலில் பிடித்து, வலது நுரையீரலின் மேல்பக்கம் சுண்டுவிரலால் ஒரு வட்டம் போட்டாள். கட்டைவிரல் நகம் அளவுக்குப் பஞ்சு ஒட்டியது போல ஒன்று. இவ்வளவு பக்கத்தில் காட்டியும் எனக்கு இரண்டாவது தடவைதான் தெரிந்தது.

"இதத்தான் அன்னிக்குப் பாத்தியா?"

"பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு."

அம்மா படத்தைத் திருப்பி வாங்கி, மெதுவாக உறைக்குள் செருகினாள். ஜன்னலோரமாகவே நின்றாள். காலை வெயில் அவள் ஒரு கன்னத்தில் மட்டும் இருந்தது. சித்தி அந்தக் கன்னத்தைப் பார்ப்பதை நான் பார்த்தேன். கை தானாகப் பையின் ஜிப்புக்குப் போயிற்று, பிறகு அங்கேயே நின்றுவிட்டது.

"சரி, இப்ப என்னப் பாத்தா என்ன தெரியுது?" என்றாள் அம்மா. "டாக்டர் சொல்வாங்கன்னு மட்டும் சொல்லாத."

சித்தி பையைக் கீழே வைத்தாள். இருபத்தாறு வருடம் மூடி வைத்த வாய், திறக்க நேரம் எடுத்தது.

"இளைச்சிருக்க. கன்னம் ஒட்டிப்போச்சு. தலைக்குச் சாயம் போடுறத விட்டுட்ட, அதுவும் நல்லாத்தான் இருக்கு. எம்மேல கோபம் அப்படியே இருக்கு, புருவத்துலயே தெரியுது." அம்மா கையிலிருந்த உறையைப் பார்த்தாள். "அன்னிக்குப் படத்தப் பாத்ததும் வேற ஏதாவது பெருசா இருக்குமோன்னு பயந்துட்டேன்க்கா. என்ன சொல்றதுன்னு தெரியல. பாப்பாவைத் தூக்கிட்டு ஓடினேன். உன்னைத் தூக்கிட்டு ஓட முடியல."

அம்மா உறையை என்னிடம் கொடுத்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, காதோர முடியை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கம் திரும்பணும், சொல்லு" என்றாள் தங்கையிடம்.