மின்கோ சொன்ன "இல்ல"

என் வீட்டுக்காரர் மின்கோவுக்கு இரண்டு சகலைகள் இருந்திருந்தால் அவருடைய பொறாமை பாதிப் பாதியாகப் பிரிந்திருக்கும். எனக்கு ஒரே ஒரு தங்கை. அதனால் மொத்தமும் அவள் கணவன் எவ்தீம் தலையில் விழுந்தது.

மின்கோவின் தொழில் பல்செட் செய்வது. யாந்த்ரா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் வயசானவர்களில் பாதிப்பேர் மின்கோ செய்த பல்லால்தான் மெல்கிறார்கள். பகலில் பல், ராத்திரியில் நட்சத்திரம். கல்யாணமாகி நான் வந்த வருஷமே எனக்கு ஒரு சக்களத்தியும் வந்துவிட்டாள். வார்னா துறைமுகத்தில் கப்பல் உடைக்கும் இடத்தில் வேலை பார்த்த சிநேகிதன் ஒருவன், கப்பல் ஜன்னலின் தடித்த வட்டக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தான். அதை என் சமையலறை மேஜையில் வைத்து, மாசக்கணக்கில் பொடி போட்டுத் தேய்த்துத் தொலைநோக்கிக்கான குழிக்கண்ணாடியாக்கினார். நான் மாவு பிசைய இடமில்லாமல் இஸ்திரி மேஜையில் பிசைந்தேன். செம்பொடிக் கறை இன்னும் என் மேஜைவிரிப்புகளில் இருக்கிறது.

கண்ணாடி வந்தது, குழாய் வந்தது, பைன் பலகையில் பெட்டி வந்தது. அத்தோடு தொல்லைகளும் வந்தன. பனி இறங்கினால் பலகை ஊறிப்போய்த் தொலைநோக்கி திரும்பவே திரும்பாது. குழாய்க்குள் இருக்கும் சின்னக் கண்ணாடி ஆவி படிந்து புகைபோல மூடிக்கொள்ளும். அதற்கு மருந்து என்னுடைய ஹேர் டிரையர். நான் ஈரத் தலையோடு படுத்த ராத்திரிகளுக்குக் கணக்கே இல்லை. எது உடைந்தாலும் பல்செட்டுக்கு ஊற்றும் ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கை ஊற்றி ஒட்டிவிடுவார். திருகுப்பிடி ரோஸ், கண்வைக்கும் குழல் ரோஸ், முக்காலிக் கால் ரோஸ். ஆனாலும் வெளிச்சம் கூடிக் குறையும் நட்சத்திரங்களை அதில்தான் பார்த்துப் பார்த்துக் குறித்து எங்கள் வானியல் கழகத்துக்கு அனுப்பினார். ஒருமுறை மாவட்டப் பத்திரிகையில் படம்கூட வந்தது. தொலைநோக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணப் படத்தில் என்னை அப்படிப் பிடிக்கவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எவ்தீமுக்கு வானத்தின் மேல் திடீர்க் காதல் வந்தது, கழகத்திலும் சேர்ந்துகொண்டார். எவ்தீம் ஜன்னல் சட்டம் போட்டு விற்கிறவர். ஊரில் எந்த வீட்டு ஜன்னலைத் திறந்தாலும் அவர் பெயர் ஒட்டியிருக்கும். எங்களுக்கு முன்னால் கார், எங்களுக்கு முன்னால் கடற்கரையில் ஒரு அறை. நான் என் தங்கை ஸ்லாத்தினாவைப் பார்த்து வயிறெரிந்தது தனிக்கதை. ஆனால் நட்சத்திரமாவது எங்கள் பக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எவ்தீம் புது டெலஸ்கோப்பைக் காரிலேற்றி எங்கள் முற்றத்துக்கே கொண்டுவந்துவிட்டார். எங்களிடம் புதுச் சாமான் வாங்கினால் நனைக்க வேண்டும், அதாவது வாங்கியவர் எல்லோருக்கும் ரக்கியா என்ற பழச்சாராயம் ஊற்ற வேண்டும். ஊற்றினார். டெலஸ்கோப் வெள்ளையாகப் பளபளத்தது. போனில் ஒரு பெயரைத் தட்டினால் விர்ரென்று தானே திரும்பி அந்த நட்சத்திரத்தைப் போய்ப் பிடிக்கும்.

"உன்னோடத மாதிரி இதத் தள்ளிக்கிட்டே நிக்க வேண்டியதில்ல சகல. தட்டிவிட்டுட்டு உள்ள போய் சூப் குடிக்கலாம்" என்றார் எவ்தீம்.

"சூப் குடிக்கிறதுக்கு எதுக்கு டெலஸ்கோப்? கிண்ணம் போதுமே" என்றார் மின்கோ.

எவ்தீம் எங்கள் தொலைநோக்கியைச் சுற்றி வந்து ரோஸ் பிடியைத் தட்டிப் பார்த்தார். "ஈறெல்லாம் நல்லாத்தான் இருக்கு சகல. பல்லு எப்ப மொளைக்கும்?"

ஸ்லாத்தினா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அதற்கு மின்கோ அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

வானம் பார்க்கிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. எவனாவது புதுக்கருவி வாங்கினால் மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும், வாங்கினவனைக் கழகமே திட்டும். அந்த முறையும் மேகம் வந்தது, வந்தது, போகவே இல்லை. மின்கோ தினமும் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே பல் செய்தார். மேகம் அவருடைய கருவிக்கும்தானே மறைக்கிறது என்று நான் கேட்டால், "எனக்குப் பழகிடுச்சு, அவனுக்குப் புதுசு, நல்லா வலிக்கும்" என்றார்.

திராட்சைக் கொடி கவாத்து செய்யும் பண்டிகை முடிந்த வாரம் வானம் திறந்தது. சரியாக அந்த வாரம்தான் கழகத்தில் ஒரு பெரிய வேலை. சூரியனைச் சுற்றும் சின்னப் பாறைக்கோள் ஒன்று ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகும். சில வினாடி நட்சத்திரம் அணைந்து, மறுபடி எரியும். பாறையின் நிழல் எங்கள் மாவட்டத்தின் மேல் ஒரு பட்டையாக ஓடும். பட்டைக்குக் குறுக்கே ஊருக்கு ஒருவராக நின்று, யாருக்கு எவ்வளவு நேரம் அணைந்தது என்று சொன்னால் பாறையின் அளவு தெரியும். யாருக்கு அணையவில்லை என்பதும் வேண்டும். பாறை அந்த இடத்துக்கு முன்னாலேயே முடிந்துபோகிறது என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கழகத்தை நடத்துகிற தோப்ரேவா டீச்சர் இடம் பிரித்தார். எவ்தீமுக்குப் பட்டையின் நட்டநடு. மின்கோவுக்குத் தெற்கே கடைசி மேடு, பட்டைக்கு வெளியே.

"ஒண்ணுமே நடக்காத எடத்துல என்ன நிறுத்துறீங்களே டீச்சர்" என்றார் மின்கோ.

"பொறுமையா நின்னு ஒண்ணும் நடக்கலன்னு நிச்சயமாச் சொல்ல ஒரு ஆள் வேணும் மின்கோ. நீங்க சொன்னா நான் நம்புவேன்."

இதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளலாம். மின்கோ எடுத்துக்கொள்ளவில்லை. மேட்டுக்குப் போகும் வழியெல்லாம் எவ்தீம், எவ்தீம், எவ்தீம். காசு இருக்கிறவனுக்கு நடு, கை இருக்கிறவனுக்கு ஓரம். டெலஸ்கோப்பை எந்தப் பக்கமாகப் பிடிப்பதென்றுகூடத் தெரியாது. இப்படியே காரை ஓட்டினார். நான் வெந்நீர்ப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டேன்.

இருட்டினதும் மேட்டில் தொலைநோக்கியை நிறுத்தினார். முதலில் பலகை திரும்ப மறுத்தது, மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். பிறகு சின்னக் கண்ணாடி மூடிக்கொண்டது, கார் பேட்டரியில் மாட்டிய என் ஹேர் டிரையர் ஊதியது. எங்கள் கழகத்தில் பாதிப்பேரிடம் படமெடுக்கும் கருவி கிடையாது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே, நட்சத்திரம் அணைந்ததும் "இல்ல!" என்றும், திரும்ப வந்ததும் "இருக்கு!" என்றும் உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ரேடியோ வினாடியைத் தட்டிக்கொண்டிருக்கும். போன் இரண்டையும் பதிந்துகொள்ளும். மின்கோ போனை ஒரு காலுறைக்குள் போட்டு வாய்க்குப் பக்கத்தில் கட்டியிருந்தார். நான் கொஞ்சம் தள்ளிக் காரில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன், என் பேச்சு காலுறைக்குள் இருக்கும் போனுக்கு எட்டாது.

நேரம் வந்தது. கண்ணைப் பதித்தபடி அப்போதும் முனகினார். "அவன் இந்நேரம் சூப் குடிச்சுக்கிட்டு இருப்பான்."

எனக்குத் தாங்கவில்லை. "உண்மையச் சொல்லு மின்கோ. உனக்கு எவ்தீம் மேல பொறாமதானே?"

"இல்ல!" என்று கத்தினார்.

"என்கிட்டயா மறைக்கிற? நானும் இதே தீயிலதான் வேகுறேன். இருக்கா, இல்லையா?"

கொஞ்ச நேரம் ரேடியோ மட்டும் தட்டியது.

"இருக்கு!" என்றார்.

அதோடு சரி. நட்சத்திரம் இம்மிகூட மங்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை என்று திரும்பி வரும்போது அவரே சொன்னார். ஒலிப்பதிவை அப்படியே டீச்சருக்கு அனுப்பிவிட்டுப் படுத்தார்.

காலையில் மின்கோ பல் ஊற்றிக்கொண்டிருந்தபோது டீச்சர் போன் செய்தார். அவர் குரல் அடுத்த அறையில் இருந்த எனக்கே கேட்டது.

"மின்கோ! புடிச்சிட்டீங்க! நீங்க நிக்கிற எடத்துல அணையும்னு யாருமே எதிர்பார்க்கல! 'இல்ல'க்கும் 'இருக்கு'க்கும் நடுவுல அத்தன வினாடி! அப்ப அந்தப் பாறை புஸ்தகத்துல போட்டிருக்கிறதவிட ரெண்டு மடங்கு பெருசு! எவ்தீம் கருவி நடுவுலயே தன்னோட சாப்ட்வேரப் புதுப்பிச்சுக்க ஆரம்பிச்சு நின்னுபோச்சாம், பாவம், ஒண்ணுமே பாக்கல."

நான் கதவருகே வந்து நின்றேன். மின்கோ என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். "ம்" என்றார்.

"அது என் கேள்விக்குச் சொன்ன பதில்" என்றேன், போன் வைத்ததும்.

"எவ்தீம் ஒண்ணுமே பாக்கலயாம்" என்றார் மின்கோ. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வருஷங்கள் ஆயிற்று. எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது, மறைப்பானேன்?

ஞாயிறன்று ஸ்லாத்தினா வீட்டில் சாப்பாடு. பாலாடைக்கட்டி வைத்த பனித்ஸா அடுக்கடுக்காகப் பொரிந்து வந்தது. எவ்தீம் அதை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார்.

"கண்ணாடியில பனி மூடியிருக்கும் சகல. ஆவி அடிச்சிருக்கும். உன் கருவியப் பத்தித்தான் தெரியுமே" என்றார்.

"ஈறு இருக்கிற கருவி. கெட்டியாப் புடிச்சுக்கும்" என்றார் மின்கோ.

எவ்தீம் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் முற்றத்தில் நின்றார். ஸ்லாத்தினா என் காதில், "அக்கா, ரெண்டு நாளாத் தூங்கல இவரு" என்றாள். மின்கோ எவ்தீமின் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார். யாரும் தன்னைப் பார்த்து வயிறெரிந்து அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வரும்போது, "அணைஞ்சிருந்தாலும் அணைஞ்சிருக்கும் நெவெனா. இமைக்கிற நேரத்துல" என்றார்.

அந்த வாரக் கடைசியில் கழகம் கூடியது, நானும் ஸ்லாத்தினாவும்கூடப் போயிருந்தோம். அறிக்கை வெளிநாட்டுக்குப் போக வேண்டும். டீச்சர் பலகையில் ஊருக்கு ஒரு கோடு போட்டார். மேலே அவர் நின்ற ஊர், அங்கே அணைந்தது. கீழே மின்கோவின் மேடு, அங்கேயும் அணைந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கிராமத்தில் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஸ்னெஷா நின்றிருந்தாள். அவள் அணையவே இல்லை என்று சொல்லியிருந்தாள்.

"ஸ்னெஷா, கோவிச்சுக்காதீங்க. மேலயும் அணைஞ்சு கீழயும் அணைஞ்சா நடுவுல அணையாம இருக்காது. நீங்க பக்கத்து நட்சத்திரத்தப் பாத்திருக்கீங்க. உங்களோடத எடுத்துடலாமா?" என்றார் டீச்சர்.

ஸ்னெஷா குளிரில் வெடித்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "படத்தோட ஒப்பிட்டுத்தான் பாத்தேன் டீச்சர். ஆனா மின்கோ அண்ணன் பாத்தாருன்னா... நான்தான் தப்பாப் பாத்திருப்பேன். எடுத்துடுங்க."

டீச்சர் துடைக்கும் துணியை எடுத்தார்.

"துடைக்காதீங்க" என்றார் மின்கோ. "அவ சரியாத்தான் பாத்தா. எனக்கும் அணையல."

டீச்சர் துணியோடு திரும்பினார்.

"பதிவுல 'இல்ல'ன்னு சொல்றீங்களே?"

"அது நட்சத்திரத்துக்குச் சொல்லல. இவ ஒண்ணு கேட்டா. அதுக்குச் சொன்னேன்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் டீச்சர் வாழ்நாள் முழுக்கப் பரீட்சைத்தாள் திருத்தியவர். "என்ன கேட்டாங்க? 'இருக்கு'ன்னும் சொல்லியிருக்கீங்களே, அது எதுக்கு? நான் எழுதணும் மின்கோ. ஒருத்தர் பதிவத் தள்ளினா காரணம் போடணும்."

மின்கோ என்னைப் பார்த்தார். நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன், ரக்கியா இருக்கிறதா என்று கேட்டேன் என்று ஏதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். என்னைக் கையமர்த்தினார். காது இரண்டும் அவருடைய பிளாஸ்டிக்கைப் போல ரோஸாகிவிட்டன.

"சகல மேல பொறாமயான்னு கேட்டா. இல்லன்னேன். மறுபடி கேட்டா. இருக்குன்னேன்."

முதலில் யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஸ்லாத்தினா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். டீச்சர் மட்டும் சிரிக்காமல் பலகையில் மின்கோவின் கோட்டை அழித்து, ஸ்னெஷாவின் பெயருக்குக் கீழே மின்கோ பெயரையும் எழுதி, இரண்டுக்கும் நேரே "அணையவில்லை" என்று போட்டார். பாறை புத்தகத்தில் இருந்த அளவுக்கே திரும்பிப் போனது. ஸ்னெஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எவ்தீமும் சிரிக்கவில்லை. எழுந்து மேஜைப் பக்கம் வந்தார். புதுக்கார் வாங்கியபோதும், கடற்கரை அறை வாங்கியபோதும், அந்த வெள்ளை டெலஸ்கோப்பை எங்கள் முற்றத்தில் இறக்கியபோதும் என் வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்க முடியாமல் திரும்பிப் போனவர் அவர். இப்போது முகமெல்லாம் சிவந்திருந்தது. கண் பளபளத்தது.

"சகல, அந்தப் பதிவு உன் போன்ல இருக்கா?"

"இருக்கு."

"ஒரு தடவ போடேன்."

மின்கோ போட்டார். ரேடியோ தட்டியது. "இல்ல!" என்றது மின்கோவின் குரல். தட்டித் தட்டி, கடைசியில் "இருக்கு!" என்றது. எவ்தீம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசி மட்டும், இன்னொரு தடவ" என்றார்.