அப்பா ரிப்பேர் செய்த ஆம்ப்

எங்கள் மூவர் குழு எலெக்ட்ரிக் ப்ளூஸ் வாசிக்கும். டெல்லியில் அதைக் கேட்க எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கு அழுகை வரும். தென் டெல்லியில் ஒரு பார், வியாழக்கிழமை சாயங்காலங்களை எங்களுக்கு விட்டிருந்தது. போன குளிர்காலத்தில் அதன் முதலாளி என்னைக் கூப்பிட்டு, அடுத்த வியாழன் கூட்டம் உட்காரவில்லை என்றால் இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். இந்தியில், மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

நான் நம்பியிருந்தது என் ஆம்பை, கிதாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியை. ஊரைவிட்டுப் போன ஒரு வெளிநாட்டுக்காரரிடம் வாங்கிய, உள்ளே பல்பு மாதிரி கண்ணாடி வால்வுகள் எரியும் பழைய ஆம்ப். ஸ்பீக்கரின் காகிதம் லேசாகக் கிழிந்திருக்கும். சத்தத்தைக் கூட்டினால் கிதாரின் குரல் உடைந்து கரகரக்கும், அழுதுகொண்டே சண்டை போடுகிற ஆளைப் போல. அந்த உடைசல்தான் விஷயமே. அமெரிக்காவின் தெற்கிலிருந்து பிழைப்புக்காக சிகாகோ போன கறுப்பினக் கலைஞர்கள், குடித்துவிட்டுக் கத்தும் கூட்டத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று மலிவான ஆம்புகளை முழுசாகத் திருகினார்கள். சத்தம் உடைந்தது. உடைந்ததையே வைத்துக்கொண்டார்கள். பிறகு அந்த ரெக்கார்டுகளைக் கேட்ட இங்கிலாந்துப் பையன்கள் அதைப் பெரிதாக்கி, ராக் என்று உலகம் பூராவும் கொண்டுபோனார்கள். பாருக்கு ராக் டீ-ஷர்ட்டோடு வந்து, "இதென்ன பாட்டு, ராக் வாசியுங்கள்" என்பவர்களுக்கு இதை விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். டெல்லி துவாரகாவில் எங்கள் ஃப்ளாட்டில் நான் பழகும்போதெல்லாம் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அந்த வியாழக்கிழமையைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தேன். அதற்கு முந்தின நாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது ஆம்பைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்.

"வாசிச்சுப் பாரும்மா." முகம் கொள்ளாத சிரிப்பு.

வாசித்தேன். சத்தம் கண்ணாடி மாதிரி வந்தது. முழுசாகத் திருகினேன். அப்போதும் சுத்தமாகவே இருந்தது.

"எத்தன வருசமா கொரகொரன்னு கெடக்கு, புள்ள இதயே வச்சுக்கிட்டு அல்லாடுதேன்னு மனசு கேக்கல. ரேடியோ ரிப்பேர் பண்ற பையன்கிட்ட குடுத்தேன். உள்ள பழைய பல்பு கணக்கா என்னமோ இருந்துச்சாம். எல்லாத்தயும் கழட்டிட்டு புது போர்டு வச்சு, ஸ்பீக்கரும் மாத்தி, பூரா டீக் பண்ணி சரியாக்கிட்டான்."

"கழட்டுனதெல்லாம் எங்கப்பா?"

"பழைய சாமான் எடுக்குற கபாடிக்காரன் வந்தான், போட்டுட்டேன்."

கத்த வேண்டும்போல் இருந்தது. முட்டிவலிக்கார மனுஷர், அந்தக் கனத்தை ஆட்டோவில் ஏற்றி இறக்கியிருக்கிறார். "நல்லாருக்குப்பா" என்றேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் எங்கள் டிரம்மர் ஒரு பெடல் கொண்டுவந்தான். ராக்காரர்கள் அந்த உடைசலை நகலெடுக்க வைத்திருக்கும் டப்பா. பாரில் அதை மிதித்தேன். புது ஸ்பீக்கரில் கொசு கத்துவதுபோல் இருந்தது. அணைத்துவிட்டேன். சுத்தமான ப்ளூஸைப் போல் உயிரில்லாதது வேறில்லை. ஆட்கள் பில் கேட்க ஆரம்பித்தார்கள். பயத்தில் என் கை தானாக ஒரு பழைய இந்திப் பாட்டுக்குப் போனது. கிளம்பியவர்கள் உட்கார்ந்தார்கள், கூடவே பாடினார்கள். முதலாளி ஓடி வந்து, "இதைத்தானே இத்தனை நாள் கேட்டேன்! இனி வியாழக்கிழமை உங்களுக்குத்தான், இந்திப் பாட்டு மட்டும் வாசியுங்கள்" என்று என் கையைக் குலுக்கினார். டிரம்மர் என்னைப் பார்க்கவில்லை. நான் தலையாட்டினேன்.

அன்று அப்பா முதல்முறையாக என் வாசிப்பைக் கேட்க பாருக்கு வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு முன் மேசையில் உட்கார்ந்து கைதட்டினார். திரும்பும்போது மெட்ரோவில் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"இத்தன வருசத்துல இன்னிக்குத்தாம்மா நீ வாசிக்கிறது எனக்கு நல்லாக் கேட்டுச்சு."