பன்னிரண்டு பேர் எழுதிய முப்பத்தைந்து

ஷோபனா டீச்சர் வேலை பார்த்த கிராமம் செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் வழியில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. இதில் வருகிறவர்களில் டீச்சரைத் தவிர மற்றவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அந்த ஊர்த் தொடக்கப்பள்ளியில் அவருக்கு மூன்றாம் வகுப்பு. இருபத்தொரு பிள்ளைகள். போன வருஷம் ஜூன் மாதக் கடைசியில் ஒருநாள் பலகையில் 42 – 17 என்று எழுதி, போடச் சொன்னார். நோட்டுகளைத் திருத்தினால் ஒன்பது பேர் 25 என்று சரியாக எழுதியிருந்தார்கள். மீதிப் பன்னிரண்டு பேரும் 35 என்று எழுதியிருந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதும் இல்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த வெண்மதியைக் கூப்பிட்டு, எப்படிப் போட்டாய் என்று கேட்டார்.

"ரெண்டுல ஏழு போவாது டீச்சர். அதனால ஏழுல ரெண்டக் கழிச்சேன், அஞ்சு. நாலுல ஒண்ணு போனா மூணு."

"அப்படிக் கழிக்கலாம்னு யார் சொன்னா?"

"பெருசுலேந்துதான் சின்னதக் கழிக்கணும்னு போன வருசம் சொல்லிக்குடுத்தாங்க."

அவள் சொன்னது உண்மை. ஒற்றை எண்களுக்குச் சொன்ன விதியை அந்தப் பன்னிரண்டு பேரும் ஒழுங்காக மனதில் வைத்திருந்து, எல்லா இடத்திலும் அதையே போட்டிருந்தார்கள்.

ஷோபனாவுக்கு இது புதிதில்லை. அவரும் அப்படிக் கழித்தவர்தான். செஞ்சிக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். நைனா என்று அவர் கூப்பிடும் அப்பா தங்கராசு கூலிக்கு நாற்றுக்கட்டு சுமந்தார். பள்ளியில் ஷோபனாவின் தப்பை யாரும் சுட்டிக்காட்டவில்லை. காலனிப் பிள்ளைக்குக் கணக்கு எங்கே வரப்போகிறது என்று, பாவம் பார்த்து வருஷா வருஷம் தேர்ச்சி போட்டு அனுப்பினார்கள். எட்டாம் வகுப்பில் விடுதியில் சேர்ந்தபோதுதான், கூடப் படித்த ஒருத்தி அவர் நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரித்தவளையே உட்காரவைத்துக் கற்றுக்கொண்டார்.

"அடிச்சிருந்தாக்கூட மறந்திருப்பேன். பாவம்னு பாஸ் போட்டாங்க பாருங்க, அதத்தான் மறக்க முடியல" என்று என்னிடம் சொன்னார்.

ஜூலையில் அடைவுத் தேர்வு வந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேருக்குக் கழித்தல் வருகிறது என்று கல்வித்துறையின் செயலியில் ஏற்ற வேண்டும். தலைமையாசிரியர் இளையபெருமாள் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது, வம்பு வேண்டாம் என்று நினைப்பவர்.

"இருபத்தொண்ணுன்னு ஏத்திடுங்க டீச்சர். எல்லா ஸ்கூல்லயும் அப்டித்தான்."

"ஒம்பது பேருக்குத்தான் சார் வருது."

"வந்துடும்மா. சின்னப் புள்ளைங்கதான?"

"வந்தப்புறம் ஏத்தறேன்."

"நான் சொல்றேன், ஏத்துங்க."

ஷோபனா தன் போனை மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளினார். "நீங்களே ஏத்துங்க சார். கேட்டா உங்க பேரச் சொல்லிடறேன்."

அவர் போனைத் தொடவில்லை. ஷோபனா ஒன்பது என்று ஏற்றினார்.

பத்து நாளில் பட்டியல் வந்தது. அந்தப் பள்ளிதான் கடைசி. செஞ்சியில் கூட்டம் போட்டார்கள். நூற்றைம்பது ஆசிரியர்களுக்கு நடுவே மேற்பார்வை அதிகாரி அவரை எழுந்து நிற்கச் சொன்னார்.

"எல்லாப் பள்ளியிலும் வருது. உங்க பள்ளியில மட்டும் என்னம்மா பிரச்சினை?"

"எல்லாப் பள்ளியிலும் இருக்குது சார். நாங்க எழுதிட்டோம், அவ்வளவுதான்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மறுவாரம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஷோபனா மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளின் விடைத்தாள்களையும் நகலெடுத்து இணைத்தார். 'இவர்கள் தெரியாமல் எழுதவில்லை. நாம் அரைகுறையாகச் சொன்னதை முழுதாக நம்பி எழுதியிருக்கிறார்கள். திருத்த எனக்கு டிசம்பர் வரை நேரம் வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சண்டை பள்ளி வாசலிலேயே வந்தது. வெண்மதியின் அம்மா நாகம்மாள் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மண்வெட்டியோடு நேராக வந்து நின்றார்.

"எம் பொண்ணு பெயிலுன்னு எழுதினியாமே? நீயும் எங்க ஆளுதான? நீயே இப்டிப் பண்ணலாமா?"

"உங்க ஆளுங்கறதாலதான்க்கா எழுதினேன். எனக்கு யாரும் எழுதல. எட்டாவது வரைக்கும் ஒண்ணும் தெரியாம வந்தேன்."

நாகம்மாள் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "சரி, வர வெக்கிறியா?"

"வர வெக்கிறேன்."

மறுநாள் ஷோபனா செஞ்சி பஜாரில் மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையை வாங்கிப் போனார். பிள்ளைகள் பழைய பேப்பரில் பத்துப் பத்தாகப் பொட்டலம் கட்டினார்கள். நாலு பொட்டலம், ரெண்டு உதிரி, ஆக நாற்பத்திரண்டு. "இதுல எனக்குப் பதினேழு குடு" என்று வெண்மதியிடம் கை நீட்டினார். அவள் முதலில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். இரண்டு உதிரியையும் கொடுத்தாள். இன்னும் ஐந்து வேண்டும். கையில் இருந்த மூன்று பொட்டலங்களையும் டீச்சர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிரிக்கலாமா டீச்சர்?"

"உன்னுதுதான. யாரக் கேக்கற?"

பொட்டலம் டர்ரென்று கிழிந்தது. அவள் ஐந்தை எண்ணிக் கொடுத்தாள். மீதி ரெண்டு பொட்டலம், அஞ்சு உதிரி. அதன்பிறகு ஒவ்வொரு விடையையும் திரும்பக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது வகுப்பில் சட்டம். யார் சொன்ன விடையானாலும், டீச்சர் சொன்னதே ஆனாலும், கூட்டிப் பார்க்காமல் நம்பக் கூடாது. ஷோபனா வேண்டுமென்றே தப்பாகப் போடுவார். பிள்ளைகள் "தப்பு! தப்பு!" என்று கத்துவார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கத்தினார்கள்.

டிசம்பர் முதல் வாரம் அதே அதிகாரி சொல்லாமல் வந்து இறங்கினார். பலகையில் 81 – 36 என்று எழுதி, விடைத்தாள் நகலில் பார்த்த பெயரையே கூப்பிட்டார். வெண்மதி போய் 45 என்று எழுதினாள்.

அவர் சோதிக்கத்தான் கேட்டாரோ, அவசரத்தில் சொன்னாரோ, தெரியாது. "ஐம்பத்தஞ்சுல்ல வரணும்?" என்றார்.

வெண்மதி சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

"வராது சார்."

"நான் சொல்றேன், ஐம்பத்தஞ்சு."

"நீங்க சொன்னாலும் வராது சார். அம்பத்தஞ்சும் முப்பத்தாறும் கூட்டிப் பாருங்க. தொண்ணூத்தொண்ணு வருது. உங்ககிட்ட இருக்கறதே எம்பத்தொண்ணுதான?"

வகுப்பு மொத்தமும் "தப்பு!" என்று கத்தியது. ஷோபனா அதட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தன் சந்தோஷம் வெளியே தெரியக் கூடாதே என்றுதான் அப்படி நின்றதாகச் சொன்னார்.

அதிகாரி மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். "சரிதான், உக்காரு" என்றார். வேறெதுவும் பேசாமல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மெமோவை யாரும் திரும்பப் பெறவில்லை.

அந்த மாதத் தேர்வில் பதினெட்டு பேர் தேறினார்கள். "மூணு பேர்தானம்மா, இப்பவாச்சும் சேத்து ஏத்திடுங்களேன்" என்று இளையபெருமாள் கெஞ்சினார். ஷோபனா பதினெட்டு என்றே ஏற்றினார். பட்டியலில் பள்ளி மறுபடி கடைசிதான். மே மாதம் நிர்வாகக் காரணம் என்று ஒரு வரி எழுதி, பனமலைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கு அவரை மாற்றினார்கள். செஞ்சியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

நாகம்மாள் ஊரில் முப்பது கையெழுத்து வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கே போனார். பரிசீலிக்கிறோம் என்றார்கள். இன்னும் பரிசீலிக்கிறார்கள்.

தேறாத மூன்று பிள்ளைகள் இப்போது சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிச் செஞ்சிக்கு டீச்சர் வீட்டுக்கு வருகிறார்கள். நாகம்மாள்தான் அழைத்து வருகிறார். இரண்டு பேருக்கு வந்துவிட்டது. ஜெயஸ்ரீக்கு மட்டும் இன்னும் வரவில்லை. அவளுக்கு வரவே வராதோ என்று நான் ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

ஷோபனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவளுக்கு எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியல. அதுக்கு அவ என்ன பண்ணுவா?" என்றார்.