மணப்பெண் ஏறாத கார்

தங்கையின் கல்யாணத்துக்கு முதல் நாள் பிற்பகல், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசலில், நான் காரின் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் காருக்குக் கீழே கிடந்தார். "மிதியும்" என்றால் மிதிக்க வேண்டும். "பிடியும்" என்றால் காலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் சில்லுக்குப் பின்னாலுள்ள திருகாணியைத் தளர்த்தி, பிரேக் எண்ணெய்க் குழாய்க்குள் அடைபட்ட காற்றை வெளியேற்றுவார். நாலு சில்லும் மூன்று தரம் முடிந்துவிட்டது. எனக்கோ உள்ளே தைத்து முடிக்காத சட்டை, இன்னும் வாங்காத பூ, கொட்டாஞ்சேனையில் வழிபார்த்துக்கொண்டிருக்கும் அம்மா. இருப்புக்கொள்ளவில்லை.

உலக யுத்தம் முடிந்த கையோடு வாங்கிய, மூன்று கை மாறிய பழைய கார் அது. ஆனாலும் மணப்பெண்ணை அதில்தான் மாதா கோயிலுக்குக் கொண்டுபோவதென்று இவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அம்மா வீட்டிலிருந்து கோயில்வரை ஒரே இறக்கம்.

"இஞ்சாருங்கோ, நான் காலை அசைக்கேல்லை. பெடல் தானாக் கீழ போகுது," என்றேன்.

"நீர் கூட அமத்துறீர். காத்துத்தான் நிண்டிருக்கு. இன்னொருக்கா மிதியும்."

மிதித்தேன். பாதி வழியிலேயே இறுகியது. அப்படியே பிடித்தேன். அவசரமே இல்லாமல் அடிப்பலகைவரை இறங்கிப் போனது. காற்று என்றால் மிதிக்க மிதிக்க இறுகும், இறுகிய இடத்தில் நிற்கும் என்று காலையில் எனக்குப் பாடம் நடத்தியவரே இவர்தான். இறங்கி ஒவ்வொரு சில்லாகக் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசிந்திருக்கவில்லை.

"வெளிய போகேல்லையெண்டால் உள்ளுக்கதானே போகுது?" என்றேன்.

அவர் தவழ்ந்து வெளியே வந்து, துணியில் கையைத் துடைத்தார்.

"பிரேக் எண்ணெயைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பர் தேஞ்சுபோச்சு. போன மாசமே சந்தேகம். காத்தா இருக்கட்டும் எண்டு பாத்தன். புதுசு கப்பலில வந்தால்தான். நான் மெல்ல ஓடுவன், ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

ஒரு மாதமாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காலி வீதியில் போய்வந்திருக்கிறார்! சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். கார் வராது என்றேன். காரணத்தை நான் சொல்லப்போவதில்லை என்றும் சொன்னேன். ஊரெல்லாம் அளந்த மனிதர். உண்மை தெரிந்தால் என் வீட்டாரின் முகத்தில் எப்படி விழிப்பார்?

மறுநாள் காலை வாடகைக் கார் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். வெள்ளைச் சேலையும் முக்காடுமாக வாசலுக்கு வந்த தங்கை, காரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"உன்ர கலியாணத்துக்குக் கார் இல்லை. அதான் எனக்கும் வரக்கூடாது, என்ன? பொறாமை பிடிச்சவள்!"

அது அம்மாவின் காதில் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்திருந்த பெண்களின் காதிலும் விழுந்தது. நான் என் கணவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும், இவர்தான் சொல்ல வேண்டும்.

அவர் வாடகைக் காரின் கதவைத் திறந்து பிடித்தார்.

"நேரம் போகுது," என்றார். "ஏறுங்கோ."