ஹீட்டர் திருத்த வந்தவர்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஹீட்டர் தண்ணீரில் குளிக்கும்போது ஒரு கிழமையாகக் கை விறுவிறுத்தது. திருத்த வந்தவர் மெலிந்த மனிதர். நரைத்த தாடி, சட்டைப்பையில் கரண்ட் பார்க்கும் டெஸ்டர். மூடியைக் கழற்றியதும் அவர் முகம் இறுகியது. தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் வெடித்துத் தண்ணீரில் கரண்ட் கசிந்திருந்தது. எர்த் வயர் பூட்டப்படவே இல்லை.

"ஒரு கிழமையா இதிலயே குளிச்சனீங்கள்?" என்று கேட்டார்.

புது எலிமென்ட் போட்டு, எர்த் வயரைப் பூட்டி, டெஸ்டரால் இரண்டு தடவை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, ஓடும் தண்ணீருக்குள் கையை நீட்டினார். நான் பதறிப்போனேன்.

"அண்ணை, அதுதான் டெஸ்டரால பாத்திட்டீங்களே?"

"ஓம் தங்கச்சி. என்ர வீட்டிலயும் டெஸ்டரால மட்டும்தான் பாத்தனான். மகள்தான் முதல்ல குளிக்கப் போனவ. கதவை உடைச்சுத்தான் எடுத்தம்."

கையைத் துடைத்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார்.

அன்று மாலை என் மகள் குளிக்கப் போனபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்டுக் கேட்டு, அவளைப் பேசவைத்துக்கொண்டே இருந்தேன்.