களஞ்சியம் பார்த்த மச்சான்

ஈரத் தகரத்தில் யாரோ கரண்டியால் தட்டியது போல ஓர் ஓசை. சற்று விட்டு மறுபடியும் அதே ஓசை.

மண்டூர்த் துறையிலிருந்து குறுமண்வெளிக்குப் போகும் பாதையில் நின்றுகொண்டிருந்தேன். வாவியைக் கடக்கும் இந்த அகன்ற இரும்பு மிதவையைப் பாதை என்றுதான் நாங்கள் சொல்வோம். மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி ஒருவர் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தார். ஓசை அங்கிருந்துதான் வந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. அது ஒரு மணி; அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். அந்த விளையாட்டுக்குள் ஒரு பழைய காலத்துக் கோட்டையில் களஞ்சியத்தின் தரை தெரியத் தொடங்கிவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் சனங்கள் முணுமுணுப்பார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கதவைத் தாண்டிப் போவார்கள்.

வாவி எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. பாதையில் நின்ற எல்லோரும் அவரவர் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மணியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த மணியை என் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான். அதைக் கேட்டும் அசையாமல் இருந்தவன் மச்சான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடிந்ததும் நான்தான் பெண் வீட்டுக்குக் குடிவந்தேன். அந்த வீட்டைத் தங்கச்சிக்காக அவன்தான் கட்டினான். அத்திவாரம் வெட்டியதிலிருந்து ஓடு போட்டது வரை அவன் கை. வீடு முடியும்வரை தனக்கென்று எதையும் தொடங்க மாட்டேன் என்றவன், முடிந்த பிறகும் தொடங்கவில்லை. வீட்டின் பின்பக்கம் இறக்கிய சாய்ப்பில் அவனுக்கு ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு சுவாமிப் படம், சுவரில் முட்டாமல் பலகைமேல் அடுக்கிய விதைநெல் மூட்டைகள். அவ்வளவுதான் அவன்.

யூரியா கிடைக்காமல் போன வருடம் அது. மாரி மழைக்கு விதைத்த நெல் வெள்ளாண்மை மஞ்சளித்து நின்றது. வயலுக்குப் போய்விட்டு வந்தால் மச்சான் கால் கழுவ நெடுநேரம் எடுப்பான். சூடு மிதித்து நெல்லைப் பிரித்து முடிந்தபோது வழக்கத்தில் பாதிகூட வீடு வரவில்லை. பிறகு எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மின்சாரம் இன்ன நேரத்தில் போய் இன்ன நேரத்தில் வரும் என்று அட்டவணை வந்தது. களுவாஞ்சிக்குடியில் பழையதாக வாங்கிய என் மடிக்கணினிக்குள், முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் விட்டுப்போன அந்தக் கோட்டை விளையாட்டு இருந்தது. கவிதை எழுதத் திறப்பேன், எழுத்து வராது. ஒரு மாலை அதைத் தட்டிப் பார்த்தேன். மச்சான் பின்னால் வந்து நின்றான்.

"என்னடா இது, உழவு மாடும் இல்ல, மெசினும் இல்ல. ஆள் சும்மா போய் நிக்கிறான், பயிர் வருது?"

"கோதுமை மச்சான்."

"ஆனை வராதா?"

"வராது."

"எலி?"

"எலியும் இல்ல."

"உரம்?"

"உரமும் இல்ல."

"அப்ப இது நம்மட நாடுதான்," என்று பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அன்றிலிருந்து மதிலும் படையும் என் பொறுப்பு, வயலும் களஞ்சியமும் அவன் பொறுப்பு. கோட்டைச் சனங்களுக்கு எவ்வளவு சாப்பாடு கொடுப்பதென்று அந்த விளையாட்டில் ஒரு சக்கரம் உண்டு: முழுப் பங்கு, அரைப் பங்கு, ஒன்றுமில்லை. அவன் தொடக்கத்திலேயே அரைப் பங்கில் வைத்துவிடுவான். "முதலே குறைச்சிக் குடுத்தாப் பிறகு குறையிறது தெரியாது," என்பான். சனம் முணுமுணுக்கும். மணி அடிக்கும். "அடிக்கட்டும். ஒத்தரும் சாகல்லையே," என்பான்.

முதல் பெரிய தோல்வி ஒரு முற்றுகையில் வந்தது. எதிரி நாலு பக்கமும் சூழ்ந்திருக்க, உதவிப் படை வந்து சேரும்வரை கோட்டை தாக்குப்பிடிக்க வேண்டும். மதில்மேல் என் வில்லாளிகள் நன்றாகவே நின்றார்கள். திடீரென்று ஒவ்வொருவராக இறங்கிப் போகத் தொடங்கினார்கள். பார்த்தால் ரொட்டி இல்லை. ஆனால் களஞ்சியத்தின் ஒரு மூலையில் கோதுமை குவிந்து கிடந்தது.

"மாவாலைக்குப் போடு மச்சான்! மா அரைச்சாத்தான் ரொட்டி."

"முழுக்கப் போட ஏலா. விதைக்கு வெச்சிரிக்கன்."

"இதுல விதை எடுத்து வைக்கத் தேவையில்ல. தானா முளைக்கும்."

"விதை இல்லாம வயலா? ஆர் உனக்குச் சொன்ன? மாரி வருகுது, விதைக்கணும்."

அந்த ஊரில் மாரி வந்தது. வயல்மேல் வெள்ளையாக எதுவோ விழுந்து மூடியது. விதைப்பதற்கு ஆள் அனுப்பினான். ஆள் போய் நின்றான், ஒன்றும் வரவில்லை. மச்சான் திரைக்குக் கிட்டே குனிந்தான்.

"மழைதான் வெள்ளையா வருதெண்டு நினைச்சன்."

"பனி. அங்க மாரியில ஒண்டும் விளையாது."

"மாரியில விளையாத ஊருக்கு என்ன மயிருக்குக் கோட்டை?" என்றான். அடுக்களையிலிருந்து மனைவி, "அண்ணன், புள்ளைகள் படிக்குதுகள்!" என்று சத்தம் போட்டாள்.

கோட்டை விழுந்தது. மதில் இடிந்து, கூரை எரிந்து, ஒருவரும் இல்லாத அந்தப் படத்தில் அவன் வைத்த கோதுமை மட்டும் அப்படியே கிடந்தது. "பாத்தியா, விதை கிடக்கு," என்றான் திருப்தியோடு. "விதைக்க ஆர் கிடக்கா?" என்று கேட்டேன். சிரிப்பான் என்று நினைத்துத்தான் கேட்டேன். அவன் எழுந்து போய் வாசலில் நின்றான்.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. அந்த விளையாட்டில் பசி என்பது களஞ்சிய இருப்பைக் காட்டும், மேலிருந்து பார்க்கிற ஒரு மஞ்சள் கோடு. நீளமாக இருந்தால் நல்லது, குட்டையாக இருந்தால் மணி அடிக்கும். நானும் மச்சானும் சின்ன வயதில் அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தவர்கள். எங்கள் கரைக்கு இன்ன சாமான் போகலாம், இன்னது போகக்கூடாது என்று துறையில் மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்த போர்க்காலம் இருந்தது. அப்போதும் எங்கோ யாரோ ஒருவர் மேலிருந்து ஒரு சக்கரத்தைத் திருப்பியிருக்க வேண்டும். இப்போது நாங்களே மேலே உட்கார்ந்து சக்கரத்தைத் திருப்புகிறோம். மச்சானின் விரல் அதற்குக் கிட்டே போனால் ஒரு கணம் தயங்கும்.

வீட்டில் சக்கரம் மனைவியின் கையில் இருந்தது. சுண்டு என்கிற அளவைத் தகரத்தால் அரிசி அளப்பாள். அளந்ததில் ஒரு பிடியை எடுத்து மறுபடி அரிசிப் பானைக்குள் போடுவாள். கேட்டால், "நான் அப்பவே சாப்பிட்டன்," என்பாள். மச்சானும் அதேபோல ஒன்று கண்டுபிடித்தான். "வயல் வட்டையில பெடியன்மார் சமைச்சாங்க, அங்கயே முடிஞ்சிட்டுது." இரண்டும் பொய். இரண்டு பேருக்கும் மற்றவருடையது பொய் என்று தெரியும். நடுவில் நானும் இரண்டு பெண்பிள்ளைகளும் முழுப் பங்கு சாப்பிட்டோம்.

அப்படி ஒரு நாளில்தான் அது வெளியே வந்தது. கட்டார் போவதற்கு மச்சான் ஏஜென்சியில் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டான். தொழிலாளர் முகாம் ஒன்றின் சமையல்கூடத்தில் சாமான் இறக்கி அடுக்கும் வேலை.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "இந்த வயசிலயா? அங்க போய் மூட்டை தூக்கவா?"

"இஞ்சயும் மூட்டைதான் தூக்கிறன், தங்கச்சி. இந்த முறை தூக்க மூட்டை இல்ல, அதான்."

"ஆரும் உங்களப் போகச் சொன்னாங்களா? நீங்க தின்னுறதக் கணக்குப் பாத்தமா?"

அவள் அழத் தொடங்கிவிடுவாள் என்று தெரிந்ததும் மச்சான் என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தான். "சரி. இவன்ட கோட்டை அந்த முற்றுகையில நிண்டா நானும் நிக்கிறன். போகல்ல. சரியா?"

பேச்சை மாற்றச் சொன்னதுதான். ஆனால் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் என்னிடம், "இஞ்சேருங்க, எப்ப அத வெல்லப் போறயள்?" என்று கேட்டாள். விளையாட்டை ஒருமுறைகூட நின்று பார்க்காதவள். நானும் பிடித்துக்கொண்டேன். நான் வேலை பார்க்கும் கந்தோரில் எனக்கு முன்னால் கோப்புகள் குவிந்திருக்க, மதிலின் எந்த மூலையில் கோபுரம் கட்டலாம் என்று தாள் ஓரத்தில் கீறிக்கொண்டிருந்தேன். ஒரு வரி கவிதைக்கும் நான் அவ்வளவு அலைந்ததில்லை. முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்குள் அவனுடைய விசா வந்துவிடும் என்றார்கள். அதற்கு முன்னால் என் கோட்டை நிற்க வேண்டும்.

விழுந்தது, விழுந்தது, மறுபடியும் விழுந்தது. மதில் எத்தனை உயரம் வைத்தாலும் உள்ளிருந்தே விழுந்தது. எல்லோருக்கும் கொடுக்க அந்தக் களஞ்சியத்தில் இல்லை.

கடைசியாக விளையாடிய மாலை நன்றாக நினைவிருக்கிறது. மின்சாரம் போய்விட்டது, மடிக்கணினியில் இருந்த உயிர்தான். மனைவி விளக்கோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். முதன்முதலாக. திரையில் பனி விழுந்துகொண்டிருந்தது. மணி அடிக்கத் தொடங்கியது.

மச்சான் கையை நீட்டினான். "மதில விடு. இஞ்ச கொண்டா."

அவனுடைய வயல்களைக் காவல் காக்க அவனே சேர்த்த ஈட்டிப் படை ஒன்று இருந்தது. தொடக்கத்திலிருந்து கூட இருந்தவர்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தான். 'வெளியே அனுப்பு' என்று ஒரு பொத்தான் அந்த விளையாட்டில் உண்டு. நான் அதைத் தொட்டதே இல்லை. படையைக் குறைத்துக்கொண்டு எந்த மடையன் முற்றுகையை எதிர்கொள்வான்? மச்சான் அழுத்தினான். பின்வாசல் திறந்தது. அந்த ஆட்கள் வரிசையாக, பனியில் கால் புதைய, சத்தமில்லாமல் திரையின் ஓரத்துக்கு நடந்து மறைந்துபோனார்கள். மஞ்சள் கோடு இறங்குவது நின்றது. பிறகு, வைத்திருந்த கோதுமை முழுவதையும் மாவாலைக்கு அனுப்பினான்.

"விதை?" என்றேன்.

"இந்த ஊருக்கு விதை வேணாம். உள்ளுக்கு நிக்கிற சனம் தின்னட்டும்."

சனங்கள் முணுமுணுப்பதை விட்டார்கள். என் வில்லாளிகள் இறங்கவில்லை. கொம்பு ஊதியது. மலைப்பக்கமிருந்து உதவிப் படை வந்தது. கோட்டை நின்றது.

நான் துள்ளி எழும்பினேன். "நிண்டிட்டுது! மச்சான், நிண்டிட்டுது! சொன்ன சொல்லு, நீ நிக்கணும்!" மனைவி விளக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிச் சிரித்தாள்.

மச்சான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நிண்டதுதான் மச்சான். என்னெண்டு நிண்டதெண்டும் பாரு."

எனக்கு விளங்கியது. அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். சிரிப்பை மூடிய கை முகத்திலேயே இருந்தது. பிறகு கையை எடுத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"அது அந்த ஊர்க் கோட்டை. அதக் கட்டினவன் ஆரெண்டு எனக்குத் தெரியா. இந்த வீட்ட நீங்க கட்டினீங்க, அண்ணன். கட்டினவன் வெளிய போய் உள்ளுக்கிருக்கிறவங்க தின்னுற நியாயம் எனக்கு வேணாம்."

"கட்டினவன் போகலாம், தங்கச்சி. கூரை போகக் கூடாது," என்றான். அதோடு திரை கறுத்தது. மிச்சமிருந்த கொஞ்ச மண்ணெண்ணெயில் எரிந்த விளக்கைச் சுற்றி மூன்று பேரும் இருந்தோம். அதுவும் வீண் செலவு என்று அவள்தான் ஊதி அணைத்தாள்.

அவன் போன காலையில் முருகன் கோயிலில் இன்னும் கொடி ஏறவில்லை. மனைவி துறைக்கு வரவில்லை. வாசலில் நின்று அவன் பைக்குள் ஒரு பொதியைத் திணித்தாள்: வறுத்த அரிசிமா, கொஞ்சம் கருவாடு. அவன் திறந்து பார்த்துவிட்டு, "முழுப் பங்கு," என்றான். அவள் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

துறைவரைக்கும் நடந்தோம். பாதை வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், மோட்டார் சைக்கிள்கள் ஏறின. அவன் ஏறி ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாதைக்கும் கரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விழுந்தது. அப்போது நினைவுக்கு வந்த ஒன்றைக் கத்தினேன்.

"மச்சான்! உன்ட அறையில கிடக்கிற விதைய என்ன செய்ய?"

பாதை அகன்றுகொண்டிருந்தது. அவன் ஒரு கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்தான்.

"வயலக் குத்தகைக்குக் குடுத்திரிக்கன். மழைக்கு முன்ன எடுத்தவன் வருவான், விதைய அவனுக்குக் குடு. அதுவரைக்கும் எலி வராம பாத்துக்க!"