நாலாவது கீ

மகள் ஆசைப்பட்டாள் என்று, கேம் ஆடுவதற்கான கீபோர்டு வாங்க, போன சனிக்கிழமை தி. நகர் போயிருந்தேன். விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. அடியில் கலர் கலராக விளக்கு எரிவதற்கா இவ்வளவு என்றேன். கடைப் பெண் சலிக்காமல் சொன்னாள்: "விளக்குக்கு இல்ல சார். சாதா கீபோர்டுல மூணு கீய சேத்து அமுக்கினா, நாலாவது பல நேரம் வேலை செய்யாது. இதுல பத்து விரல வெச்சாலும் பிரச்சன இல்ல."

"பழைய கீபோர்டுலயும் அப்படித்தானா?"

"பழசுல இன்னும் மோசம் சார். நாலாவத எடுக்காம கீச்சுனு கத்த வேற செய்யும்."

பில் போடுகிற இடத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருபது வருஷமாக நீங்கள் திட்டித் தீர்த்த உங்கள் விரல்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்தால், உங்களுக்கும்தான் வரும்.

மயிலாப்பூரில் ஒரு மாடியில், கல்யாணப் பத்திரிகை கம்போஸ் செய்யும் டிடிபி கடையில்தான் எனக்கு முதல் வேலை. கீழே காபிக்கொட்டை வறுப்பார்கள். இப்போதும் எங்காவது அந்த வாசனை அடித்தால் என் விரல்கள் தானாக 'நிகழும் மங்களகரமான' என்று அடிக்கப் பார்க்கும். ஒரு மணி ஆனால் முதலாளி கிளம்பிவிடுவார். "ஆத்துல சாப்டுட்டு வந்துடறேன். அதுக்குள்ள ப்ரூஃபைப் பாத்து வெச்சுடுங்கோ." சாப்பிட்டுத் தூங்கி அவர் திரும்ப மூன்று மணி ஆகும். அந்த இரண்டு மணி நேரமும் எனக்கும் கஸ்தூரிக்கும்.

கஸ்தூரி இன்னொரு ஆபரேட்டர். அடையாற்றங்கரையில் வீடு. என்னைவிட நாலு வயது சின்னவள். என்னைவிட இரண்டு மடங்கு வேகமாகத் தமிழ் அடிப்பாள். அது போதாதென்று, கடைக் கம்ப்யூட்டரில் யாரோ ஏற்றி வைத்திருந்த சண்டை கேமிலும் தினமும் என்னை அடித்துத் துவைப்பாள்.

அந்த கேமில் கதை கிடையாது, ஊர் சுற்றல் கிடையாது. இரண்டு ஆள், மேலே இரண்டு உயிர்க்கோடு, ஒரு நிமிஷம். தோற்ற எரிச்சல் அடங்குவதற்குள் விரல் அடுத்த ஆட்டத்தை அமுக்கியிருக்கும். ஜெயிக்கிறவர்களைவிடத் தோற்கிறவனுக்குத்தான் அதில் பைத்தியம் முற்றும். நானே சாட்சி.

இருப்பது ஒரே கீபோர்டு. இடது பக்க எழுத்துகள் அவளுக்கு, வலது பக்க அம்புகள் எனக்கு. தோள் இடிக்க உட்கார்ந்துதான் ஆட முடியும். நான் உதைக்க அமுக்குவேன், என் ஆள் மரம் மாதிரி நிற்பான். கம்ப்யூட்டர் கீச் கீச் என்று கத்தும். அடி வாங்கிய என் ஆள்தான் கத்துகிறான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன், அவ்வளவு ஞானம்.

"எப்பப் பாத்தாலும் அந்த மூணு கீய ஏன் அமுக்கிட்டே இருக்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது எனுக்குப் பழக்கம்ணா. நீ ஒன் கீயப் பாரு. இன்னா, கை வலிக்குதா?"

நானும் என் கீயைத்தான் பார்த்தேன். வீட்டில் தாளம் போட்டுப் பழகினேன், நகம் வெட்டிக்கொண்டு போனேன். எட்டு மாதம். ஒரே ஒரு தடவை அவளை ஜெயித்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சம்பளம் கூடவேண்டும் என்றுகூட அப்படி ஆசைப்பட்டதில்லை.

ஆற்றங்கரை வீடுகளை எடுக்கிறார்கள், ஊருக்கு வெளியே இடம் தருகிறார்கள் என்றாள் ஒரு நாள். "மூணு பஸ் மாறணும்ணா. வந்து போறதுக்குள்ள பொழுது பூடும். நாளையோட நின்னுக்கறேன்." எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஐயோ, இவளை ஜெயிக்காமல் விடப்போகிறோமே என்று. வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

கடைசி நாள் மத்தியானம் கையில் டீ கிளாஸோடு வந்து உட்கார்ந்தாள். இடது கையில் கிளாஸ், வலது கையில் ஒற்றை விரல் ஆட்டம். "டீ ஆறிப்பூடும்ணா, நீ ஆடு." என்ன திமிர் என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு நான் அமுக்கியதெல்லாம் விழுந்தது. கீச் சத்தம் ஒரு தடவைகூட வரவில்லை. ஜெயித்தேன். நாற்காலி விழ எழுந்து குதித்தேன்.

"ஜெயிச்சிட்டியேண்ணா!" என்று சிரித்தாள். டீ அப்படியே இருந்தது. கஸ்தூரி டீயே குடிக்க மாட்டாள். கடைக்கு வரும் டீயில் அவள் பங்கை எட்டு மாதமாகக் குடித்தவன் நான்தான். அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அந்த வெற்றியை எத்தனை பேரிடம் அளந்திருக்கிறேன்! மகளிடம்கூட. கஸ்தூரி எட்டு மாதம் மூணு கீயை அமுக்கி என் கீயை முடக்கி ஏமாற்றியதற்குக் கோபப்படுவதா, ஒரு நாள் விட்டுக்கொடுத்ததற்கா என்று இன்னும் புரியவில்லை. எதிரே உட்காரவைத்துச் சண்டை போட வேண்டும் போல இருக்கிறது. எங்கே போய்த் தேடுவது? அவளிடம் இருந்தது கடை நம்பர் மட்டும். கடை போய்விட்டது, அங்கே இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். கரையில் அந்த வீட்டு வரிசையும் இல்லை.

கீபோர்டை வாங்கித்தான் வந்தேன். மகள் எந்த ஊரிலோ இருக்கிற யாரோடோ சண்டை போடுகிறாள். எத்தனை கீயை அமுக்கினாலும் சத்தமே இல்லை. ஆடுவதெல்லாம் இடது பக்க எழுத்துகளில்தான். என் பக்கத்து அம்புகளை அவள் தொடுவதே இல்லை.